கூடையும் சும்மாடும்

(பெரம்பலூரில் மாணவர்களுக்காக நடந்த இரண்டு நாள் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த மேசை மேல நான் கூடைய வச்சதும் பின்னால இருந்து ரெண்டு மூணு பேர் சிரிச்சீங்க. தப்பில்ல. கருத்தரங்க மேசையில புத்தகம் இருக்கும், தண்ணி இருக்கும். நொச்சிக் குச்சியில முடைஞ்ச கூடையும் பழம்புடவையில சுத்துன சும்மாடும் இருந்து நானும் பார்த்ததில்ல. எனக்குக் கொடுத்த தலைப்பு தலித் பெண்களும் உழைப்பும். அதுக்கு ஒரு கட்டுரை எழுதித்தான் கொண்டாந்தேன். நேத்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சுப் பேசிக்கிட்டு இருந்தப்ப ஒரு தங்கச்சி ஒரு கேள்வி கேட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தக் கட்டுரைய மூடி வச்சிட்டேன்.

கேள்வி இதுதான். "அக்கா, எங்கம்மா கூடை தூக்கித் தூக்கித்தான் என்னைப் படிக்க வச்சுது. நான் கூடையத் தொடக் கூடாதுன்னுதான் படிக்க வச்சுது. நீங்க பொண்ணுங்களைக் கூட்டி வச்சு கூடை முடையக் கத்துக் கொடுக்கிறீங்களாம். அப்ப அம்பேத்கர் சொன்னதுக்கு என்னக்கா அர்த்தம்?"

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்லாம உழைப்பைப் பத்தி நான் என்ன பேசினாலும் அது வெறும் சொல் அலங்காரம். அதனால இன்னிக்கு இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில்.

முதல்ல கூடை எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். நம்ம பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண்ணு, மானாவாரி. ஆவணி, புரட்டாசியில பருத்தி போட்டா தை, மாசியில எடுப்பு. கடைசி எடுப்பு முடிஞ்சதும் செடியப் பிடுங்கிப் போடுவாங்க. அந்தப் பருத்தி மாறு, துவரை அடிச்ச பிறகு மிஞ்சுற துவரை மாறு, வேலியில நிக்கிற நொச்சி, இதுங்கதான் எங்க தெருவுக்குக் கூடைக் குச்சி. மூங்கில் எங்களுக்கு எட்டாத சரக்கு. பச்சைமலையில மூங்கில் இருக்கு. ஆனா 1927ஆம் வருசத்து வனச் சட்டம் மூங்கிலை மரம்னு சொல்லிச்சு. புல் வகையைச் சேர்ந்த ஒரு செடியை மரம்னு எழுதி, வெட்டுறவன் மேல வழக்குப் போட்டாங்க. காட்டுக்கு வெளியே வளர்ற மூங்கிலை அந்தக் கணக்கிலிருந்து எடுக்க 2017 வரைக்கும் ஆச்சு. தொண்ணூறு வருசம்! மூங்கில் கூடையை நம்பிப் பிழைத்த குறவர் சமூகத்து மக்கள் மேல குற்றப்பரம்பரைச் சட்டத்தின் முத்திரையும் சேர்ந்து விழுந்தது. கையில கத்தியும் மூங்கிலும் வச்சிருந்தவனைத் திருடன்னு எழுதின வரலாறு இது.

இப்ப என் ஆயா கதைக்கு வரேன். ஆயா நொச்சிக் குச்சிய ஒரு வருச வளர்ச்சிக்குள்ள இருக்கிறதாப் பார்த்துப் பார்த்து அறுக்கும். ரொம்ப இளசா இருந்தா காய்ஞ்சதும் சுருங்கிடும், கூடை தளர்ந்து போயிடும். முத்திட்டா வளைக்கறப்ப ஒடியும். காய்ஞ்ச குச்சியா இருந்தா ராத்திரி பூரா தண்ணியில ஊறப்போடணும். அடி போடும்போது குறுக்கும் நெடுக்கும் குச்சிய வச்சுக் காலால மிதிச்சுக்கிட்டு முடையத் தொடங்கும். நிக்கிற குச்சி எப்பவும் ஒத்தப்படையாத்தான் இருக்கணும். ஏன்னு நான் கேட்டிருக்கேன். "ரெட்டைப்படையா வச்சா ரெண்டாஞ் சுத்துல குச்சி அதே இடத்துலதான் போயி விழும், பின்னல் பிடிக்காது" அப்படின்னு சொல்லும். ஒரே குச்சி உள்ள வெளிய, உள்ள வெளியன்னு சுத்தி வர்றப்ப ஒவ்வொரு சுத்துக்கும் இடம் மாறி விழணும்னா எண்ணிக்கை ஒத்தப்படையா இருக்கணும். கைநாட்டுக்காரி எங்க ஆயா. அதுக்குத் தெரிஞ்ச கணக்கு இது. இதைக் கணக்குன்னு எந்தப் பள்ளிக்கூடமும் எங்களுக்குச் சொல்லலை.

முடைஞ்ச கூடை எங்க போச்சு? எருக்கூடை, சாணிக்கூடை, மண்கூடை, கோழிய மூடுற பஞ்சாரம், எல்லாம் ஊர்த்தெருவுக்குப் போச்சு. விலைன்னு ஒண்ணு கிடையாது. பருத்தி மாறு ஆண்டை காட்டுல இருந்து வந்தது. "உனக்கு மாறு கொடுத்தேன்ல, ரெண்டு கூடை போட்டுக் குடு" அவ்வளவுதான். விறகுக்குப் போற குப்பையைக் கொடுத்துட்டு ஒரு நாள் உழைப்பை வாங்கிக்கிறது. அறுவடையில களத்து மேட்டுல ரெண்டு மரக்கா கம்பு அளந்து போட்டா அது தர்மம், அதை வாங்கினா நாம கடன்காரங்க. கூடை முடைஞ்ச அதே கையிதான் அதே கூடையில எருவ அள்ளித் தலையில தூக்கிச்சு. இங்க ஒண்ணைக் கவனிக்கணும். யாரையும் கேட்காம எங்களால அறுக்க முடிஞ்சது எங்க வீட்டுக் கொல்லையில நட்ட நொச்சி ஒண்ணுதான். அதுல முடைஞ்ச கூடைய ஆயா ஊர்த்தெருவுக்குக் கொடுக்கவே கொடுக்காது. வெந்தயத்தையும் ஊறவச்ச காகிதத்தையும் சேர்த்து அரைச்சு, கந்தல் துணிய உள்ள ஒட்டி மெழுகிக் காயவச்சு, எங்க வீட்டுத் தானியத்துக்கு வச்சுக்கும். அந்தக் கூடை மட்டும் எங்களுது.

அடுத்து துணி. சும்மாடுன்னா என்னன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாமலே போகலாம், அதுல எனக்குச் சந்தோசந்தான். பழம்புடவையக் கிழிச்சு முறுக்கி வளையமாச் சுத்தித் தலையில வச்சு அது மேல சுமையத் தூக்கறது. சுமை அழுத்தாம இருக்கிறதுக்கு நாம கண்டுபிடிச்சது கந்தல். பொறந்த பிள்ளைக்கு ஏணை கட்டினது கந்தல். நாலஞ்சு புடவைய அடுக்கிக் கைத்தையல் போட்டுப் பனிக்குப் போர்த்தினது கந்தல். எங்க அம்மா அந்தப் போர்வையில ஓட்டையான இடத்துல வேற நிறத் துணிய வச்சுத் தைக்கிறப்ப சதுரமா, முக்கோணமா வெட்டி அழகு பார்க்கும். பார்க்க ஆளில்லாத இருட்டுக் குடிசையில யாருக்காக அந்த அழகு? அதையும் யோசிச்சுப் பாருங்க.

ஆனா இந்தக் கந்தல் தானா வந்ததில்ல. செத்தவங்க துணிதான் சண்டாளனுக்கு உடை, உடைஞ்ச பாத்திரத்துலதான் அவனுக்குச் சோறு அப்படின்னு மனு பத்தாவது அத்தியாயத்துல விதி எழுதி வச்சான். வறுமையால கந்தல் கட்டறது வேற, கந்தல்தான் கட்டணும்னு சட்டம் போடறது வேற. அந்த மனுநூலைத்தான் 1927 டிசம்பர் 25ல மகத்தில் எரிச்சாங்க. அந்த மாநாட்டை ஒட்டிப் பெண்கள்கிட்டப் பேசின அண்ணல், சாதியைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி உடுத்தறதையும் நகை போடறதையும் விட்டுடுங்கன்னு சொன்னார். உடை எவ்வளவு பெரிய அரசியல்னு அவருக்குத் தெரியும்.

இதே கந்தலுக்கு இன்னொரு வரலாறும் இருக்கு. புத்தரோட பிக்குகள் குப்பைமேட்டுலயும் சுடுகாட்டுலயும் கிடந்த துணியைப் பொறுக்கித் துவைச்சு, ஒட்டுப்போட்டுத் தைச்சு, சாயம் ஏத்திக் கட்டினாங்க. மகத நாட்டு வயல் வரப்பைக் காட்டி, அந்த மாதிரிக் கட்டம் கட்டமா இந்தச் சீவரத்தைத் தைக்க முடியுமான்னு ஆனந்தரை புத்தர் கேட்டதா விநய நூல் சொல்லுது. மனு சொன்ன சுடுகாட்டுத் துணியும் பிக்குவோட சுடுகாட்டுத் துணியும் ஒண்ணுதானே? துணி ஒண்ணுதான், உறவு வேற. மனு அதை ஒரு பிறப்புக்கு மட்டும் தண்டனையாப் போட்டான். சங்கத்துல சாக்கிய இளவரசனும் கட்டினான், நாவிதர் உபாலியும் கட்டினார். உபாலிக்கு இளவரசர்களுக்கு முன்னாடியே துறவு கொடுத்து, அவரை அவங்க வணங்கும்படி செய்தாங்க. எல்லாரும் கட்டினதால அந்தக் கந்தல் இழிவா இல்ல. 1898ல் சென்னையில சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்த அயோத்திதாச பண்டிதர் நம்ம இழிவு பிற்பாடு சுமத்தப்பட்டதுன்னு வாதாடினாரே, அதை ஒரு கந்தல் துணிய வச்சுக்கூட விளங்கிக்கலாம்.

தங்கச்சி, உன் கேள்விக்கான பதில் இங்கதான் தொடங்குது.

சாதி வேலையை மட்டும் பிரிக்கலை, வேலை செய்யற மனுசங்களையே மேல கீழன்னு அடுக்கிப் பிரிச்சதுன்னு அண்ணல் 1936ல சாதி ஒழிப்பு நூலில் வாதாடினார். இன்னார் வயித்துல பொறந்தவன் இன்ன வேலைதான் செய்யணும், அதுக்கு விலை கேட்கக் கூடாது, விட்டுட்டுப் போகக் கூடாது. அதைத்தான் விட்டு வெளியே வரச் சொன்னார். கையில இருக்கிற அறிவைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லலை.

ஆனா நாம என்ன செஞ்சோம்? என்னையே சொல்றேன். 1993ல் நான் திருச்சியில காலேஜ் விடுதியில இருந்தேன். அப்ப பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகலை, எல்லாம் திருச்சி மாவட்டந்தான். எங்கம்மா ஒரு நாள் வேகாத வெயில்ல வறுத்த கடலையும் கம்பு உருண்டையும் நொச்சிக் கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. அது ஊர்த்தெருவுக்குக் கொடுக்காத கூடை, எங்களுதுன்னு சொன்னேனே, அந்தக் கூடை. நான் தின்பண்டத்தை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில கொட்டிக்கிட்டு, "கூடைய எடுத்துக்கிட்டுப் போம்மா, இங்க வைக்க இடமில்ல"ன்னு சொன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. வெறுங்கூடைய இடுப்புல வச்சுக்கிட்டுப் பஸ் ஏறிச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் கூடை முடையலை. நொச்சிய வெட்டிட்டு வேலிக்குக் கம்பி போட்டோம்.

இருபது வருசம் கழிச்சு சென்னையில ஒரு கடையில அதே கூடையப் பார்த்தேன். அதே ஒத்தப்படைக் குச்சி. உள்ள பூப்போட்ட ஒட்டுத்துணி தைச்சிருந்தாங்க. கூடவே ஒரு சின்ன அட்டை. இயற்கையோடு இயைந்த கிராமியக் கைவினைன்னு எழுதியிருந்தது. விலை 650 ரூபாய். முடைஞ்சவ பேரு இல்ல, ஊரு இல்ல. மஞ்சப்பைக்கு நடந்ததும் இதுதான். மஞ்சப்பை தூக்கி வந்தவனைப் பட்டிக்காட்டான்னு பரிகாசம் செஞ்ச தமிழ்நாடு, 2019 ஜனவரியில பிளாஸ்டிக்கைத் தடை செஞ்சு, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு இயக்கமே நடத்திச்சு. துணிப்பை திரும்பி வந்ததுல எனக்குச் சந்தோசம். என் கேள்வி ஒண்ணுதான். நாம தொட்டா இழிவு, கைமாறிக் கடைக்குப் போனா கலை. அப்ப இழிவு கூடையில இருந்துச்சா, யார் கையில இருந்துச்சுங்கிறதுல இருந்துச்சா?

இதுக்கு அரசாங்கம் என்ன சொல்லுதுன்னும் பார்க்கணும். 1953ல ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைச்சு, மிச்ச நேரம் பிள்ளைங்க அப்பன் தொழிலைக் கத்துக்கிடட்டும்னு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரியார் அதைக் குலக்கல்வின்னு பேர் சொல்லி எதிர்த்தார். 1954ல ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தை எடுத்தார். எழுபது வருசம் கழிச்சு 2023 செப்டம்பர்ல ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்ல கூடை, பாய், துடைப்பம் செய்யறதும் ஒண்ணு. 18 வயசுல சேரலாம், ஆனா குடும்பத்தோட பரம்பரைத் தொழிலா இருக்கணும். பதினெட்டு வயசுன்னா காலேஜுக்குப் போற வயசு இல்லையா? 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு இதே வடிவத்துல இதை ஏத்துக்க முடியாதுன்னு எழுதிச்சு, 2025 ஏப்ரல்ல கலைஞர் கைவினைத் திட்டம்னு வேற ஒண்ணு தொடங்கிச்சு. அதுல 25 தொழில், குடும்பத் தொழில்ங்கிற நிபந்தனை இல்ல, 35 வயசு ஆகியிருக்கணும். இந்த வேறுபாடு முக்கியம். ஆனா காகிதத்துல நிபந்தனைய எடுத்துட்டா மட்டும் ஊர்த்தெரு இளைஞன் வந்து கூடை முடைஞ்சிடுவானா? அந்த வேலையை நாமதான் செய்யணும்.

கடல் கடந்து ஒரு எடுத்துக்காட்டு சொல்றேன். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஊர். மூணு பக்கமும் ஆறு. பருத்திக் காட்டு அடிமைகளோட வம்சத்து கறுப்பின மக்கள் அங்க வாழறாங்க. அந்தப் பெண்கள் கிழிஞ்ச வேலை உடுப்புகளை வெட்டி ஒட்டிப் போர்வை தைச்சாங்க, எங்கம்மா தைச்ச மாதிரியே. 1960களில் அவங்க ஓட்டுரிமைக்காகக் கிளம்பினப்ப, ஆத்தைத் தாண்டி மாவட்டத் தலைநகருக்குப் போற படகை 1962ல நிறுத்திட்டாங்க. மறுபடியும் படகு விட 2006 ஆச்சு. ஓட்டுப் பதிவு செய்யப் போனவங்க வேலையும் வீடும் பறிபோன அந்தக் காலத்துலதான், 1966ல அந்த வட்டாரத்துப் பெண்கள் சுதந்திரத் தையல் கூட்டுறவு ஒண்ணு தொடங்கினாங்க. 2002ல அந்தப் போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்கள்ல தொங்கிச்சு. அதோட கதை முடியலை. தைச்சவங்களுக்குச் சேர வேண்டிய பங்கு எங்கன்னு 2007ல சில பெண்கள் நீதிமன்றம் போனாங்க, அடுத்த வருசம் சமரசம் ஆச்சு. அழகை ஒத்துக்கிட்டவங்க கணக்கையும் ஒத்துக்கணும் இல்லையா?

இப்ப நாங்க என்ன செய்யறோம்னு சொல்றேன். எங்க தெருவுல பதினோரு பேர். அதுல நாலு பேர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்து வந்தவங்க. ரெண்டு பேர் கல்யாணக் காசுக்காகச் சின்ன வயசுலயே நூல் மில்லுக்குப் போயி உடம்பைக் கெடுத்துக்கிட்டு வந்தவங்க. துணியப் பத்தி அவங்களுக்குத் தெரியாதது கிடையாது. வெட்டுத்துணிய மூட்டையா வாங்கி நிறம் பிரிக்கிறோம், நொச்சிய வேலியில நடறோம். குச்சிய நட்டாலே துளிர்க்கும், ஆடு தின்னாது, தண்ணி அதிகம் கேட்காது. கூடை முடைஞ்சு உள்ள துணி தைக்கிறோம்.

முதல் தடவை ஒரு வியாபாரி வந்து கூடை 120 ரூபாய்னார். எங்க பெண்கள் சந்தோசமா தலையாட்டிட்டாங்க. அப்ப உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குச்சி அறுத்து முடைய ஒரு நாள். துணி வெட்டித் தைக்க அரை நாள். 2025-26க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல அறிவிச்ச கூலி நாளைக்கு 336 ரூபாய். ஒன்றரை நாளைக்கு 504. துணி, நூல், பஸ் செலவு தனி. அப்ப 120 ரூபாய்க்குக் கொடுத்தா ஒவ்வொரு கூடைக்கும் நாலு நூறு ரூபாய்க்கு மேல நாமதான் வியாபாரிக்குத் தானம் பண்றோம். களத்து மேட்டுல ரெண்டு மரக்கா கம்பு வாங்கின அதே கதை! ஒரு அக்கா கேட்டுச்சு, "நம்ம வேலைக்கு இவ்ளோ விலையாடி?"ன்னு. அந்தக் கேள்விதான் எங்க முதல் அரசியல் வகுப்பு. 600க்குக் குறைஞ்சு கொடுக்கறதில்லன்னு முடிவு பண்ணோம். வியாபாரி திரும்பி வரலை. மூணு மாசம் கூடை தேங்கிக் கிடந்துச்சு. ரெண்டு பேர் விலகிப் போயிட்டாங்க, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், வயிறு இருக்கு. இப்ப கொஞ்சம் கொஞ்சமா நேரடியா விக்கிறோம். பெருசா சாதிச்சிட்டோம்னு சொல்ல வரலை.

எங்களுக்குள்ள நாலு கட்டுப்பாடு வச்சிருக்கோம். ஒண்ணு, படிக்கிற பிள்ளை இதுக்காக ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தை விடக் கூடாது. ரெண்டு, முடைஞ்சவ பேரு கூடையில இருக்கணும். மூணு, விலையக் கூலியில இருந்துதான் கணக்குப் போடணும். ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் வழக்கம்ங்கிற பேருல ஓசிக் கூடை கிடையாது. மலம் அள்ளற கூடைய 1993லயும் 2013லயும் சட்டம் போட்டுத் தடுத்த நாட்டுல, வழக்கம்ங்கிற சொல்லைக் கேட்டாலே நமக்கு எச்சரிக்கை வரணும். நாலாவதுதான் எல்லாத்துலயும் பெருசு. யார் வந்தாலும் கத்துக் கொடுப்போம், ஆனா சேரியில உட்கார்ந்துதான் கத்துக்கணும்.

ஏன் இது பெருசு? சேரிப் பிள்ளைக்கு மட்டும் கத்துக் கொடுத்தா அது குலத்தொழில். ஊர்த்தெருப் பிள்ளையும் வந்து, நம்ம திண்ணையில உட்கார்ந்து, நம்ம அம்மாவை வாத்தியாரா ஏத்துக்கிட்டு, காலால குச்சிய மிதிச்சுக் கையில சிராய் ஏறி முடைஞ்சா அது கைவினை. சீவரத்துக்கு நான் சொன்ன அதே அளவுகோல்தான். இதுவரைக்கும் எங்ககிட்ட ஊர்த்தெருவுல இருந்து வந்தது ஒரே ஒரு பொண்ணு. மூணு நாள் வந்துச்சு. நாலாம் நாள் வீட்டுல விடலை. அந்த மூணு நாளை நாங்க மறக்கலை, நாலாம் நாளையும் மறக்கலை.

கடைசியா ரெண்டு விசயம். வீட்டு நொச்சி வளரணும்னா வீட்டுக்குக் கொல்லை வேணும். மூணு சென்ட் மனையில சுவரும் சுவரும் ஒட்டி நிக்கிற காலனியில நொச்சிய எங்க நடறது? 1892ல ஒடுக்கப்பட்டோருக்குன்னு ஒதுக்கின பஞ்சமி நிலம் எங்கன்னு கேட்டதுக்கு, 1994 அக்டோபர்ல செங்கல்பட்டுக் காரணைப் போராட்டத்துல ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுல உயிரைக் கொடுத்தாங்க. அரியலூர்ல சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டின பள்ளங்களைப் பஸ்ஸுல போறப்பப் பாருங்க. நிலம் இல்லாம பேசற கைவினை, அடுத்தவன் காட்டு மாறுக்குக் கைநீட்டறதுலதான் முடியும்.

ரெண்டாவது, படிப்பு. இதே அரியலூர் மாவட்டத்துக் குழுமூர்ல பொறந்த அனிதா, பிளஸ் டூவுல 1200க்கு 1176 மார்க் வாங்கினா. அவ அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டுல மூட்டை தூக்கற தொழிலாளி. சும்மாடு வச்ச தலையில இருந்து ஒரு டாக்டர் வரக் கூடாதுன்னு நீட் கதவைச் சாத்திச்சு. 2017 செப்டம்பர் 1ல நாம அவளை இழந்தோம். அதனால தங்கச்சி, கூடைக்காகப் படிப்பை விடுன்னு எவன் சொன்னாலும், நானே சொன்னாலும், நம்பாத. நீ படி. டாக்டராப் போ, வக்கீலாப் போ. ஆனா உங்கம்மாகிட்ட இருக்கிற கணக்கை, ஒத்தப்படைக் கணக்கை, கேட்டு எழுதி வச்சுக்க. நான் வெறுங்கூடையோட எங்கம்மாவைப் பஸ் ஏத்தி விட்ட மாதிரி நீ ஏத்தி விட்டுடாத.

வெளியில வேப்பமரத்தடியில ஒரு அண்டாவுல நொச்சிக் குச்சி ராத்திரியே ஊறப்போட்டு வச்சிருக்கேன். டீ குடிச்சிட்டு எல்லாரும் அங்க வாங்க. பையன்கள் முதல்ல உட்காரணும். சேரியில பொறக்காத தோழர்கள் நாலஞ்சு பேர் இங்க இருக்கீங்க, நீங்க அவங்களுக்கும் முன்னாடி உட்காரணும். கத்துக் கொடுக்க எங்கம்மா வந்திருக்கு. எழுபத்தெட்டு வயசு, காது கொஞ்சம் கேட்காது, சத்தமாக் கேளுங்க. தப்பா முடைஞ்சா கையில தட்டும்.